மாடி வாடகையும் கடைப் பங்கும்: வாடகை வருமானத்துக்கு ரிட்டர்ன் போடும் முறை

பங்குனி பிறந்ததும் எனக்கு முதல் வேலை சொத்து வரி கட்டி ரசீது வாங்குவது. ஜூலையில் போடும் வருமான வரி ரிட்டர்னுக்கு மார்ச்சில் என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. வாடகை வருமானத்தில் சொத்து வரி கழிய வேண்டுமானால் அது மார்ச் 31-க்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். பில் வந்திருந்தால் மட்டும் போதாது. ஏப்ரல் 2-ஆம் தேதி கட்டினால் அது அடுத்த வருடக் கணக்குக்குப் போய்விடும். மூன்று வருடப் பாக்கியை இந்த வருடம் சேர்த்துக் கட்டினால் மூன்றும் இந்த வருடமே கழியும். கட்டியது வீட்டுக்காரராக இருக்க வேண்டும்; குடியிருப்பவர் கட்டியிருந்தால் நமக்குக் கழிவு இல்லை.

நான் தேவகோட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 64. 2018 வரை வரி விஷயம் முழுவதையும் என் கணவர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு, மேஜை டிராயரில் இருந்த வாடகை ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கம் என்னைப் போல் தனியாக இருந்து வாடகை வாங்கிக்கொண்டு, "பென்ஷனுக்குத்தான் அவங்களே பார்த்துக்கிறாங்களே" என்று இருக்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவும், வெளியூரிலிருந்து ஊர்ச் சொத்தைக் கவனித்துக்கொள்ளும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு வாடகை இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, காரைக்குடியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடி. மாதம் 12,000 ரூபாய். இன்னொன்று, அப்பச்சி, அதாவது என் அப்பா, சம்பாதித்து வாங்கிப் போட்ட கடைக் கட்டடம். ஒரு கம்பெனிக்கு மாதம் 60,000-க்கு விட்டிருக்கிறோம். அப்பச்சி உயில் எழுதவில்லை. ஆத்தாவும் இப்போது இல்லை. ஆகவே அண்ணன், நான், தங்கை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இவை தவிர, கணவர் வழியில் கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உள்ள பெரிய வீட்டில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, ஆறில் ஒரு பங்கு. அதில் வாடகை கிடையாது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம்.

மாடிக் கணக்கு

எளிதான மாடியிலிருந்து தொடங்குகிறேன். 2025-26 நிதியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) நவம்பர் கடைசியில் பழைய குடித்தனக்காரர் காலி செய்தார். டிசம்பர் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. ஜனவரியில் புதுக் குடித்தனம் வந்தது. ஆகவே வந்த வாடகை 11 மாதத்துக்கு 1,32,000. ஆள் கிடைக்காமல் காலியாக இருந்த மாதத்துக்கு வாடகையைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டியதில்லை.

வீடு முழுவதற்கும் அந்த வருடம் கட்டிய சொத்து வரி 3,600. கீழே நான் இருக்கிறேன், மேலே வாடகை. இரண்டும் ஒரே அளவு. எனவே மாடிக்கு 1,800. அதைக் கழித்தால் 1,30,200. இதில் 30 சதவீதம், 39,060, சட்டம் தரும் நிலையான கழிவு. மீதி 91,140. இதுதான் மாடியிலிருந்து எனக்கு வந்த, வரிக்கு உட்பட்ட வருமானம். மாடிக்கு வீட்டுக் கடன் இருந்திருந்தால் அதன் வட்டியும் இந்த இடத்தில் கழியும். எனக்குக் கடன் இல்லை.

இந்த 30 சதவீதத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். புதுக் குடித்தனம் வருமுன் வெள்ளையடித்து, மோட்டார் மாற்றி, குளியலறைக் குழாயெல்லாம் புதிதாகப் போட்டதில் எனக்கு 85,000 ஆனது. கழிவு என்னவோ அதே 39,060தான். பில் வைத்திருந்தாலும் ஒரு ரூபாய் கூடாது. எதுவுமே செலவழிக்காத வருடத்திலும் அதே 30 சதவீதம் கிடைக்கும். பில் யாரும் கேட்கமாட்டார்கள். வாட்ச்மேன் சம்பளம், இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன் எல்லாம் இதற்குள் அடக்கம். வரி கணக்கிட நாம் தேர்ந்தெடுக்கும் பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் சொத்து வரிக் கழிவும் இந்த 30 சதவீதமும் உண்டு. புதிய முறையில் கழிவே இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு முழு வாடகைக்கும் வரி கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இழந்தது சின்னத் தொகை இல்லை.

அதற்காக ரிப்பேர் பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாடகைக்கு விட்ட கட்டடத்தைப் புதுப்பிக்க வங்கிக் கடன் வாங்கினால் அதன் வட்டி 30 சதவீதத்துக்கு மேல் தனியாகக் கழியும். புதிதாக ஓர் அறை எடுத்தது, மாடி கட்டியது போன்ற செலவுகள், பின்னாளில் சொத்தை விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் கணக்கில் வரும். நான் அவற்றைத் தனி உறையில் போட்டு, மேலே வருடத்தை எழுதி வைக்கிறேன்.

சொந்தக்காரருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தெருவில் அதே மாதிரி வீடு 9,000-க்குப் போகும்போது நீங்கள் அத்தை மகனுக்கு 3,000-க்கு விட்டிருந்தால், சட்டம் அந்த 3,000-ஐ மட்டும் பார்க்காது. நியாயமாக வரக்கூடிய வாடகை, உண்மையில் வந்த வாடகை இரண்டில் எது கூடுதலோ அதைத்தான் எடுக்கச் சொல்கிறது.

பங்கு இருக்கும் சொத்து

எங்கள் ஊரில் ஒரே ஆள் பேரில் முழுதாக இருக்கும் சொத்து குறைவு. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணம் யார் கணக்கில் வந்து விழுகிறது என்பதை வைத்து வரி வருவதில்லை. சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வைத்துத்தான் வருகிறது. பங்கு தெளிவாக இருந்தால் அவரவர் பங்கு வாடகை அவரவர் ரிட்டர்னில் போக வேண்டும்.

இது எனக்கு அடிபட்டுத்தான் புரிந்தது. கடை வாடகை 60,000-மும் முதலில் என் வங்கிக் கணக்குக்கே வந்தது. ஒப்பந்தத்திலும் என் பேர், என் பான் எண் மட்டும். வாடகைக்கு இருந்த நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் (வாடகை தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்து, வருடத்துக்கு 72,000-ஐ என் பானில் கட்டியது. நான் என் பங்கான 2,40,000-ஐ மட்டும் ரிட்டர்னில் காட்டினேன். நம் பானில் பதிவான வருமானத்தையெல்லாம் வரித்துறை தொகுத்து வைக்கும் ஏஐஎஸ் அறிக்கையிலோ என் பேரில் 7,20,000 வாடகை இருந்தது. வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. தங்கையைக் கூப்பிட்டேன். "ஆச்சி, பணம் உங்க அக்கவுண்ட்லதானே வருது, நீங்களே கட்டிருங்க, நாங்க எங்க பங்கைக் குடுத்துர்றோம்" என்றாள். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அப்படிச் செய்தால் மூன்று பேர் வருமானமும் ஒருத்தி தலையில் ஏறும். அவளும் அண்ணனும் தங்கள் வருமானத்தைக் காட்டாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

பிறகு செய்தது இதுதான். வாரிசுச் சான்றிதழ் நகலோடு நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, மூவர் பேரும், பானும், மூன்றில் ஒரு பங்கும் எழுதிப் புது ஒப்பந்தம் போட்டோம். வாடகை மூன்று கணக்குக்கும் தனித்தனியாகப் போகும்படி மாற்றினோம். இதில் ஒரு நன்மையும் வந்தது. கட்டட வாடகைக்கு டிடிஎஸ் பிடிக்கும் வரம்பு, பங்கு தெளிவாக இருக்கும்போது ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு மாதம் 50,000. என் பங்கு 20,000தான் என்பதால் எனக்கும் தங்கைக்கும் இப்போது பிடித்தமே இல்லை. பிடித்து ரீஃபண்டுக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரிட்டர்னில் பங்குச் சொத்தை நிரப்பும்போது பலர் ஓரிடத்தில் தவறுகிறார்கள். ஐடிஆர்-2 படிவத்தில் வீட்டுச் சொத்து அட்டவணையில் கூட்டு உரிமை என்று தேர்வு செய்து, உங்கள் பங்கு சதவீதத்தையும் மற்றவர்களின் பேர், பானையும் போட வேண்டும். அதன் கீழே வாடகைக் கட்டத்தில் முழுக் கட்டடத்தின் வாடகை, 7,20,000 போட வேண்டும். சொத்து வரியும் முழுதாக, எங்களுக்கு 18,000. படிவமே 7,02,000-ஐ உங்கள் பங்கால் பெருக்கிக்கொள்ளும். நான் முதல் வருடம் என் பங்கு 2,40,000-ஐப் போட்டு, பங்கு 33.33 என்றும் போட்டேன். அது இன்னொரு முறை மூன்றால் வகுத்து 80,000-க்கும் குறைவாகக் காட்டியது. கணக்கு டீச்சராக இருந்ததால் தொகையைப் பார்த்ததும் உறைத்தது. நீங்கள் சமர்ப்பிக்குமுன் அந்த வரியை ஒரு தடவை நின்று பாருங்கள். சரியாகப் போட்டால் என் பங்கு 2,34,000. 30 சதவீதம் 70,200 போக 1,63,800. தசமத்தால் சில ரூபாய் முன்பின் வரும்.

சொத்து கூட்டுக் குடும்பத்தின் பேரில், குடும்பத்துக்கென்று தனி பானோடு இருந்தால் கதை வேறு. அந்த வாடகை அந்தப் பானில், தனி ரிட்டர்னாகப் போக வேண்டும். எது உங்கள் சொத்து, எது குடும்பச் சொத்து என்று பத்திரத்தை வைத்து ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே மாதிரி காட்டுவது முக்கியம்.

சிங்கப்பூர் அண்ணன்

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர். அவருக்கு அந்த 50,000 வரம்பு கிடையாது. வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். அவர் பங்கு 2,40,000-த்தில் 74,880 போய்விடுகிறது. மீதி அவருடைய என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) சேரும்.

அண்ணன் முதலில், "போனா போகுது, அதான் வரி பிடிச்சுட்டாங்களே" என்று விட்டுவிட்டார். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை. கழிவு எல்லாம் போக 1,63,800. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ரிட்டர்ன் போட்டால் 74,880-மும் திரும்பி வரும். போடாவிட்டால் வராது. பர்மாவிலும் மலேயாவிலும் ஒவ்வோர் அணாவுக்கும் பேரேடு எழுதிய குடும்பத்தில் பிறந்து இதை விடலாமா என்று சொல்லித்தான் போட வைத்தேன். இப்போது வருடா வருடம் ஐடிஆர்-2 போடுகிறார். பிடித்தமே குறைவாக இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே வரித்துறையிடம் விண்ணப்பித்துக் குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கி வாடகைக்கு இருப்பவரிடம் கொடுக்கலாம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்று எல்லாரும் பேசிக்கொள்வது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியால் வருவது. அது இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 4 லட்சத்துக்கு மேல் போனால் வரி உண்டு.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்

சென்னையில் ஒரு பிளாட், காரைக்குடியில் ஒரு வீடு, ஊரில் பெரிய வீட்டில் பங்கு. செட்டிநாட்டில் இப்படி மூன்று இருப்பது சாதாரணம். வாடகைக்கு விடவில்லையே, எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். இரண்டு வீடுகளுக்கு மட்டும்தான் வாடகை மதிப்பைப் பூஜ்யமாகக் காட்டலாம். எந்த இரண்டு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். குடியிருக்கிறோமா, பூட்டி வைத்திருக்கிறோமா என்று காரணம் சொல்ல வேண்டிய நிபந்தனையை 2025 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கோ, விட்டிருந்தால் என்ன வாடகை வந்திருக்குமோ அதை வருமானமாகக் காட்டித்தான் ஆக வேண்டும். சொத்து வரியும் 30 சதவீதமும் அங்கேயும் கழியும்.

எனக்கு காரைக்குடி வீட்டின் கீழ்ப்பகுதியும் ஊர்ப் பெரிய வீட்டுப் பங்கும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்று இருப்பவர்கள் வாடகை அதிகம் வரக்கூடிய இரண்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, குறைந்த வாடகை உள்ளதை மூன்றாவதாக வையுங்கள்.

பெரிய வீட்டின் முகப்பையும் வளவையும் (உள்முற்றப் பகுதி) ஒரு முறை நாலு நாள் ஷூட்டிங்குக்குக் கொடுத்தோம். அந்தப் பணத்தில் கரண்ட், ஆள் வசதி எல்லாம் சேர்ந்திருந்ததால், எங்கள் ஆடிட்டர் அதை வீட்டு வாடகையாக எடுக்காமல் இதர வருமானத்தில் போட்டார். 30 சதவீதம் அங்கே கிடைக்காது. காலி மனையை லாரி நிறுத்தவோ செங்கல் அடுக்கவோ விட்டு வாங்கும் வாடகையும் இதர வருமானம்தான். கட்டடமும் அதை ஒட்டிய இடமும் மட்டுமே வீட்டுச் சொத்து. பெரிய வீட்டை நீங்களே தங்கும் விடுதியாக நடத்தினால் அது வியாபாரம். அதற்கு முழுக் கணக்கு எழுத வேண்டும்.

வாங்கிய அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் வருமானம் இல்லை. வாடகைப் பாக்கி இரண்டு வருடம் கழித்து வந்தால், வந்த வருடத்தில் காட்ட வேண்டும்; அதற்கும் 30 சதவீதம் உண்டு.

கடைக்கு ஜிஎஸ்டி உண்டா என்றும் கேட்பார்கள். வருட வாடகையும் மற்ற வியாபாரமும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டாதவரை நாம் பதிவு செய்ய வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் நம்மைப் போலப் பதிவில்லாதவரிடம் கடையை எடுத்தால் 18 சதவீதத்தை அவர்களே நேரடியாகக் கட்டிவிட வேண்டும்.

ஜூலையில் உட்காரும்போது

நான் ஜூன் மாதம் தொடமாட்டேன். டிடிஎஸ் விவரங்கள் முழுதாக ஏறுவதற்கு ஜூன் நடுப்பகுதி தாண்டிவிடும். ஜூலை முதல் வாரத்தில் வருமான வரித் தளத்தில் பானைப் போட்டு நுழைந்து, ஏஐஎஸ், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் இரண்டையும் இறக்கி என் நோட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். நோட்டில் மாதத்துக்கு ஒரு வரி: தேதி, யார், எவ்வளவு, வங்கியா ரொக்கமா. ஏஐஎஸ்ஸில் இருப்பது என் நோட்டில் இல்லையென்றால் ஏன் என்று பார்ப்பேன். மாடியில் இருப்பவர் வருடத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து ஆபீஸில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்டால், நம் பான் எண்ணை அங்கே கொடுத்தாக வேண்டும். நாம் காட்டாவிட்டாலும் அது துறைக்குத் தெரியும். ஏஐஎஸ்ஸில் தவறு இருந்தால் அந்த வரியிலேயே மறுப்பைப் பதிவு செய்யலாம்.

என் மொத்தக் கணக்கு இப்படி வந்தது. பென்ஷன் 4,56,000; பென்ஷனுக்கென்று உள்ள நிலையான கழிவு 75,000 போக 3,81,000. வாடகை இரண்டும் சேர்த்து 2,54,940. வங்கி வட்டி 60,000. ஆக 6,95,940. புதிய முறையில் வரி 14,797 வருகிறது. தள்ளுபடியில் முழுதும் போய்விடுகிறது. வரி பூஜ்யம்தான். ஆனாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் போடுவது கட்டாயம். "வரிதான் இல்லையே" என்று போடாமல் இருப்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரே வீடு, பென்ஷன், வட்டி என்று இருப்பவர்களுக்கு ஐடிஆர்-1 போதும். எனக்குச் சொத்து பல என்பதால் ஐடிஆர்-2. தங்கைக்கு 60 ஆகவில்லை. அவளைப் போன்றவர்கள் டிடிஎஸ் போக வரி 10,000 அல்லது அதற்கு மேல் வந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15-ஆம் தேதிக்குள் முன்வரி (வருடம் முடியுமுன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்ட வேண்டும். இங்கே வசிக்கும், வியாபாரம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டுக் கடன் இருப்பவர்கள் இரண்டு வரிமுறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி வாடகையைத் தாண்டி நஷ்டம் வந்தால், பழைய முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் முடியாது.

கடைசித் தேதி ஜூலை 31. 2025-இல் செப்டம்பர் வரை நீட்டினார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம், 5,000 தாமதக் கட்டணத்தோடு. வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் சொத்து வரிக் கழிவும் 30 சதவீதமும் அதிலும் இருக்கின்றன.

சமர்ப்பித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு 30 நாட்களுக்குள் சரிபார்த்தால்தான் அது ரிட்டர்ன். நான் உடனேயே போட்டுவிட்டு, ஒப்புகைச் சீட்டை இரண்டு பிரதி எடுப்பேன். ஒன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்படும். இன்னொன்றைப் படம் பிடித்து அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பி, கடைக் கட்டடத்துக்கு அவர்களும் 7,20,000, 18,000 என்ற இதே தொகைகளைத்தான் போட்டார்களா என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.